சிவப்புப் புள்ளி வரை

தெஹ்ரான்
மெஹ்ர் 9, 1396

இராஜுக்கு,

பேருந்து ஓட்டுநர் அக்பர் ஆகாவிடம் நீ கொடுத்தனுப்பிய பார்சல் கிடைத்தது. தெற்கு நிலையத்துக்கு நானே போய் வாங்கி வந்தேன். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. எலுமிச்சைச் சாறு பாட்டிலும் உடையவில்லை. நன்றி.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய ‘பாடம் பதினொன்று’ போலி. லண்டன்காரர்களின் அந்த இரட்டை ஆல்பத்தை ஜப்பானில் அச்சான இசைத்தட்டிலிருந்து நேரடியாக எடுத்தது, இம்மியும் இழக்காத லாஸ்லெஸ் கோப்பு என்று உறைமேல் எழுதியிருக்கிறாய். நான் பல நாள் உட்கார்ந்து கேட்டேன். டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருக்கிறது. கிடார் ஒலிக்கிறது, ஆனால் என் பக்கம் வரவே இல்லை. யாரோ ஒரு எம்பி3-யை ஊதிப் பெரிதாக்கி லாஸ்லெஸ் என்று சொல்லி உன் தலையில் கட்டியிருக்கிறார்கள். அல்லது நீ என் தலையில் கட்டியிருக்கிறாய்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு மாதம் முன்னால், மொர்தாத்தில், மஹின் போன பிறகு எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. ஒரு வேளை முட்டை பொரித்துக்கொள்கிறேன், மீதி நேரமெல்லாம் கேட்பதற்குத்தான். ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திறந்து வைத்துக் கேட்கிறேன், இந்த இசையை எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படி. முன்பு அதற்கு வழியில்லை. ஆகவே இப்போதைக்கு உன் காதைவிட என் காதை நம்பலாம்.

சரியான கோப்பை அனுப்பு. இல்லையென்றால் பாட்டைப் பரிமாறிக்கொள்ளும் நம் வட்டத்தில் மற்றவர்களிடம் சொல்லவேண்டி வரும்.

கியூமர்ஸ்


ஷிராஸ்
மெஹ்ர் 21, 1396

கியூமர்ஸ்,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே பிரித்துப் படித்தேன். கண் பரிசோதிக்க வந்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, “எழுத்து தெரியலேன்னு வந்தது நானு, உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?” என்று கேட்டாள். என்ன சொல்ல? நாற்பது வருட சிநேகிதன் என்னைத் திருடன் என்கிறான் என்றா?

யோசித்துப் பார். கேசட்டின் மேல் ‘ஆங்கிலப் பாடம் 4’ என்று எழுதி, முதல் இரண்டு நிமிடம் ஒரு வாத்தியாரை “திஸ் இஸ் எ டேபிள்” சொல்லவிட்டு, அதற்குப் பின்னால் கிடாரைப் பதிந்து, சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவந்தவன் நான். இன்றைக்கும் வட்டத்தில் இருக்கிற அத்தனை கிழங்களும் ஆல்பத்தைப் பாட எண் வைத்துத்தான் சொல்கிறோம். பாட்டுக் கேட்டால் பிடித்துப்போகிற கமிட்டிக்காரனை ஏமாற்றியிருக்கிறேன், என் மாமனாரை ஏமாற்றியிருக்கிறேன். ஒரு பாட்டில்கூட உன்னை ஏமாற்றியது கிடையாது.

இத்துடன் ‘பாடம் பதினொன்றின்’ அலைவரிசைப் படத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். எம்பி3-யிலிருந்து ஊதியது என்றால் படத்தின் மேல்பகுதி கத்தி வைத்து வெட்டியது போலக் காலியாக இருக்கும். இதில் உச்சிவரை நிறைந்திருக்கிறது. நீயே பார்த்துக்கொள்.

பர்வானே நான் கத்துவதைக் கேட்டு உள்ளேயிருந்து வந்தாள். “பாவம் அந்த மனுசன். டிஸ்க்கை விடுங்க, அவர் என்ன சாப்பிடறாரு, யாரு சமைக்கிறாங்கன்னு கேளுங்க முதல்ல” என்றாள். கேட்க எனக்கும் ஆசைதான். நீ போனை எடுத்தால்தானே? மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. அதனால்தான் கல்யாணமாகாத பையன்கள் மாதிரி டிஸ்க்கோடு கடிதம் வைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

இராஜ்


தெஹ்ரான்
ஆபான் 17, 1396

இராஜுக்கு,

படத்தைப் பார்த்தேன். படம் சரியாக இருக்கிறது. பாட்டு சரியாக இல்லை.

உன் கோப்பை மட்டும் குறை சொல்லக்கூடாது என்று எல்லாவற்றையும் பரிசோதித்தேன். ஸ்பீக்கர் வயர்களை மாற்றினேன். கணினிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் இருக்கும் மாற்றிப் பெட்டியைப் புதிதாக வாங்கினேன். கம்பளத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டேன், விரித்துப் போட்டும் கேட்டேன். கடைசியில் ஆம்ப்ளிஃபயரையே தூக்கிக்கொண்டு ஜொம்ஹூரி தெருவில் மெக்கானிக் அர்மெனாக்கிடம் போனேன். வாங்கியதிலிருந்து அது வீட்டை விட்டு வெளியே போனதில்லை. அவர் பிரித்து, துடைத்து, பழைய பாகங்களை மாற்றிப் புதுசு போலக் கொடுத்தார். ஒரு வித்தியாசமும் இல்லை.

பிறகு என் சொந்தத் தொகுப்பை எடுத்தேன். நானே என் கையால் இசைத்தட்டிலிருந்து எடுத்தவை, பாடம் ஒன்றிலிருந்து. எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. கெட்டுப்போயிருக்குமோ என்று சரிபார்ப்பு எண்களை ஓட்டினேன். எண்கள் பொருந்துகின்றன. ஆக எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. இவை ஆரம்பத்திலிருந்தே மோசம். மஹின் இருந்தவரை சின்னச் சத்தத்தில் கேட்டதால் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

எஸ்ஃபந்த் மாதக் கடைசியில் ஊரே புத்தாண்டுக்காக வீட்டை உதறிச் சுத்தம் செய்யும். மஹின் இருந்தால் கம்பளங்களை மொட்டைமாடிக்குச் சுமக்க வைப்பாள். இந்த வருடம் நான் டிஸ்க்குகளை உதறப்போகிறேன். எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். எல்லாருடைய மூலப் பிரதியும் என்னிடம்தான் இருக்கிறது என்பது தெரியும். மோசமான மூலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உன்னைப் பற்றி வட்டத்துக்கு எழுதிவிட்டேன். இரண்டு பேர் இனி உன் டிஸ்க் வேண்டாம் என்றார்கள். எழுதியிருக்க வேண்டாமோ என்று இப்போது நினைக்கிறேன், ஆனால் எழுதியாகிவிட்டது.

இன்னொன்று. சொல்லவேண்டாம் என்றிருந்தேன். மஹினின் அடக்கத்துக்கு நீ வரவில்லை.

கியூமர்ஸ்


ஷிராஸ்
ஆஸர் 2, 1396

கியூமர்ஸ் ஜான்,

வட்டத்தில் என் பெயரைக் கெடுத்ததற்கு உன்னை நாலு வார்த்தை நன்றாகக் கேட்க வேண்டும் என்றுதான் கடிதத்தைப் பிரித்தேன். கடைசி வரியைப் படித்ததும் எல்லாம் மறந்துபோய், உன் பெயரோடு ‘ஜான்’ என்று அன்பு ஒட்டித்தான் எழுதத் தோன்றியது. பர்வானேயிடம் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் வந்தேன், கியூமர்ஸ்.

உன் பெண் நசீம் ஹாம்பர்க்கிலிருந்து போன் செய்து, “அம்மா போயிட்டாங்க” என்று அழுதாள், அன்றைக்கே பேருந்து ஏறினேன். நீதான் கதவைத் திறந்தாய். “வாடா, ஸ்பீக்கர் வயர் எதுல நல்லாருக்கும், செம்பா வெள்ளியா?” என்று கேட்டாய். நான் கட்டிப்பிடித்தேன், நீ செம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாய். கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்படும்போது உன் ஷூ லேஸை நான்தான் குனிந்து கட்டினேன், உன் விரல்கள் முடிச்சுப் போடமாட்டேன் என்றன. உன் அடுப்படியில் நின்று துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற ஹல்வாவைக் கிளறினேன், அடிபிடித்துவிட்டது, எல்லாரும் கருகலைத்தான் சாப்பிட்டார்கள். சின்ன அறையில் மூன்று நாள் படுத்திருந்தேன். கிளம்பும்போது, “நீங்க எந்தப் பக்கம் போகணும், இந்த நேரத்துல டாக்ஸி கிடைக்குமா?” என்றாய். நீங்க என்றாய். துக்கத்தில் ஏதோ சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். அப்போதே பிடித்து உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும்.

நீ நம்பவில்லை என்றால் நசீமைக் கேள்.

இந்த டிஸ்க்கில் பத்துப் பாட்டு இருக்கிறது. பெயர் கிடையாது, எண் மட்டும். சில அசல், சில நானே வேண்டுமென்று கெடுத்த போலி. படத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு, எது போலி என்று எழுது. கோளாறு எங்கே என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடிக் கண்டுபிடிப்போம். அதுவரை ஒரு டிஸ்க்கையும் தொடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

இராஜ்


தெஹ்ரான்
தெய் 5, 1396

இராஜுக்கு,

மூன்று, நான்கு, ஏழு, பத்து போலி. மற்றவை அசல்.

நசீமிடம் கேட்டேன். “அப்பா, என்னப்பா சொல்றீங்க? இராஜ் சித்தப்பாதானே உங்க கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு” என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அந்த நாட்களைத் திரும்ப எடுத்துப் பார்க்க முயன்றேன். வயர் பற்றி யாரிடமோ பேசியது நினைவிருக்கிறது. ஆள் நினைவில்லை. ஹல்வா கருகியிருந்தது நினைவிருக்கிறது. மன்னித்துக்கொள்.

இங்கே முதல் பனி விழுந்தது. வேறு விசேஷம் இல்லை.

கியூமர்ஸ்


ஷிராஸ்
பஹ்மன் 3, 1396

கியூமர்ஸ் ஜான்,

நான்கும் சரி. அந்த ஏழாவது என் காதுக்கே தப்பிவிட்டது, நானே செய்த போலி. இந்த வயதில் இப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாய்.

ஆக, காது நன்றாக இருக்கிறது. கோப்பு நன்றாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை அர்மெனாக் பார்த்துவிட்டார். மீதி என்ன இருக்கிறது என்று நீ யோசிக்க மாட்டாய், உனக்கு உள்ளே திரும்பிப் பார்க்கத் தெரியாது. அதனால் வெளியே இருக்கிற ஒரு சாமானைப் பற்றிக் கேட்கிறேன்.

ஒலி கூட்டும் குமிழ் இப்போது எங்கே நிற்கிறது?

முழுசாகத் திறந்து கேட்கிறேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய், நான் கோபத்தில் கவனிக்கவில்லை. டேய், நீ உன் வாழ்நாளில் அந்தச் சத்தத்தில் பாட்டுக் கேட்டதே இல்லை. குமிழ் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருக்கிறதே, அதைத் தாண்டியதே இல்லை. அது வைத்த அன்று நான் உன் வீட்டில்தான் இருந்தேன். போர்க்காலம். தெருமுனையில் கமிட்டி ஜீப் நிற்கும். நீ ‘பாடம் நான்கை’ போட்டாய். மஹின் கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு சங்கக் ரொட்டியோடு கீழே போய்ச் சந்தில் நின்றாள், ரொட்டி வாங்கி வருகிறவள் மாதிரி. சத்தம் கேட்டால் ரொட்டியை இடது கைக்கு மாற்றுவாள். நான் சன்னலில் நின்று பார்த்து உனக்குச் சொல்வேன், நீ குறைப்பாய். மாற்றி மாற்றி அவளுக்குக் கை கடுத்துப்போனது. அப்புறம் மேலே ஏறிவந்து, நகப்பூச்சை எடுத்துக் குமிழ் நின்ற இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். “இந்தச் சிவப்பைத் தாண்டினே, கமிட்டிக்காரனுக்கு நீயே டீ போட்டுக் குடு” என்றாள்.

கமிட்டி போய் எத்தனையோ வருடம் ஆயிற்று. மஹின் இருந்தவரை அந்தப் புள்ளியை நீ தாண்டவில்லை. குமிழைப் புள்ளிக்குக் கொண்டுவந்து ஒரே ஒரு தடவை கேட்டுப் பார். அதற்குப் பிறகும் செத்த பாட்டாகத்தான் இருக்கிறது என்றால் அழித்துக்கொள், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

இராஜ்


தெஹ்ரான்
பஹ்மன் 19, 1396

இராஜுக்கு,

புள்ளி இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். முகப்பு பளபளவென்று இருக்கிறது. அர்மெனாக்கிடம் போனேன்.

“சிவப்பா என்னமோ சொட்டிக் காஞ்சு கெடந்துச்சு, இஞ்சினியர் சார். தின்னர் தொட்டுத் தொடைச்சேன், சுத்தமா போயிடுச்சு. அதுக்குத் தனியா ஒண்ணும் போடலை” என்றார்.

“ரொம்ப நன்றி” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் வாயில் வந்தது. டீ கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

முகப்பு எங்கேயாவது நிறம் மாறியிருக்கிறதா என்று சாய்த்து வைத்துப் பார்த்தேன். இல்லை, நல்ல வேலைக்காரர். கையை வைத்துக் குமிழைத் திருப்பினால் கைக்குத் தெரியும் என்று நினைத்தேன். கைக்குத் தெரியவில்லை. இத்தனை மாதம் முழுசாகத் திருப்பித் திருப்பி அது பழைய இடத்தை மறந்துவிட்டது. அந்தப் புள்ளியை நான் என்றைக்கும் பார்த்ததில்லை, இராஜ். அங்கே இருந்தது, அவ்வளவுதான். பாட்டு மோசமாக இருக்கிறது என்று ரிப்பேருக்குக் கொடுத்து, அவள் வைத்ததை நானே காசு கொடுத்து அழித்திருக்கிறேன்.

சாப்பாடு இறங்கவில்லை. வருத்தமா என்று கேட்டால் தெரியவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது.

டிஸ்க்குகளை எஸ்ஃபந்த் மூன்றாம் வாரம் அழிக்கலாம் என்றிருக்கிறேன்.

கியூமர்ஸ்


ஷிராஸ்
எஸ்ஃபந்த் 1, 1396

கியூமர்ஸ்,

கடையில் புத்தாண்டுக் கூட்டம். நின்றுகொண்டே எழுதுகிறேன்.

புள்ளி போனால் என்ன? அது வானத்திலிருந்து விழவில்லையே, மூன்று பேர் சேர்ந்து கண்டுபிடித்ததுதானே? வைத்த மாதிரியே திரும்ப வை. ‘பாடம் நான்கை’ போடு. கீழே போய் அவள் நின்ற இடத்தில் நின்று கேள். கேட்டால் ஏறிப்போய்க் குறை, மறுபடி இறங்கு. மூட்டு வலிக்கும், வலிக்கட்டும். நீ இஞ்சினியர், அளந்து பார்க்காமல் எதையும் அழிக்கக்கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தவன் நீ.

பர்வானே சொல்கிறாள்: “வெறுங்கையோட சந்துல நிக்க வேண்டாம்னு சொல்லுங்க, பைத்தியம்னு நினைப்பாங்க. ஒரு ரொட்டி வாங்கிக்கச் சொல்லுங்க, சாப்பிட்ட மாதிரியும் இருக்கும்.”

இராஜ்


தெஹ்ரான்
எஸ்ஃபந்த் 14, 1396

இராஜ் ஜான்,

நீ சொன்னபடி செய்தேன். எப்படி நடந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

சன்னல்கள் இப்போது இரட்டைக் கண்ணாடி, மஹின்தான் ஐந்து வருடம் முன்னால் போட வைத்தாள். அதனால் பழைய அளவு வராது என்று தெரியும். ஒரு சன்னலை விரல் அகலத்துக்குத் திறந்து வைத்தேன். குமிழைப் பாதிக்குக் கீழே விட்டேன். ‘பாடம் நான்கை’ ஓடவிட்டு, ஷூ போட்டுக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். முனைக் கடையில் ஒரு சங்கக் வாங்கினேன். அடியில் கூழாங்கல் ஒட்டிக்கொண்டு நல்ல சூடாக இருந்தது. வலது கையில் போட்டுக்கொண்டு சந்தில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி கம்பளத்தைச் சுவரில் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். அவள் நிறுத்தியதும் கேட்டது.

டிரம்ஸ் மட்டும். அதற்கு அடியில் பாஸ், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. கிடார் கிடையாது, பாட்டுக்காரன் கிடையாது. மூன்று மாடியும் ஒரு சன்னலும் ஒரு சந்தும் நடுவில் நின்று கெடுத்த அளவுக்கு எந்த எம்பி3-யாலும் கெடுக்க முடியாது. எல்லாம் இழந்த பிறகு மிஞ்சியதுதான் கேட்டது. இராஜ், அது நன்றாக இருந்தது. மொர்தாத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு பாட்டு நன்றாக இருந்தது. மஹின் இதைத்தான் கேட்டிருக்கிறாள், இவ்வளவுதான் கேட்டிருக்கிறாள்.

சத்தம் கேட்டதல்லவா, அதனால் ரொட்டியை இடது கைக்கு மாற்றினேன்.

யோசித்துச் செய்யவில்லை. மாற்றிவிட்டு நிமிர்ந்து சன்னலைப் பார்த்தேன். சத்தம் குறையும் என்று காத்துக்கொண்டு நின்றேன். குறையவில்லை. பாட்டு அதே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சன்னலில் யாரும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் புரிந்தது. வீட்டில் யாருமே இல்லை, இராஜ். மஹின் செத்துப்போய்விட்டாள்.

சந்திலேயே அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன். ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்னங்க ஐயா, கல்லு சுட்டுடுச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தண்ணீர் கொண்டுவந்து கையில் ஊற்றினார்.

மேலே வந்து ரொட்டி முழுவதையும் பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிட்டேன். பர்வானேயிடம் சொல்.

டிஸ்க்குகளை அழிக்கவில்லை. நான் சொன்னது தவறு, இராஜின் கோப்புகள் சுத்தம் என்று வட்டத்தில் எல்லாருக்கும் எழுதிவிட்டேன். ‘பாடம் பதினொன்றை’ இன்னும் கேட்கவில்லை. புள்ளியும் இன்னும் வைக்கவில்லை. மஹினின் மேசை இழுப்பறையில் நகப்பூச்சு இருக்கிறது, காய்ந்துதான் போயிருக்கிறது. அர்மெனாக்கிடம் தின்னர் கொஞ்சம் வாங்கிக் கரைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வேலையை ஒரே ஆளால் செய்ய முடியாது. நான் இறங்கி நின்றால் குறைக்க ஆள் இல்லை, ஏறிப்போனால் கேட்க ஆள் இல்லை.

புத்தாண்டுக்குப் புறப்பட்டு வா, பர்வானேயையும் கூட்டிக்கொண்டு வா. இந்தத் தடவை நீ வந்ததை நினைவில் வைத்துக்கொள்வேன். ரொட்டி நான் வாங்கித் தருகிறேன், நீ கீழே நின்றால் போதும். கையை மாற்றிவிட்டு நிமிர்ந்து பார். சன்னலில் நான் இருப்பேன்.

கியூமர்ஸ்